மறுப்புச் செய்தியைப் பரவச் செய்வது எது?

மெய்தேடி:
வதந்தியைப் போல மறுப்பு பரவாததற்கு அதை எழுதுபவர்களே பெரும்பாலும் காரணம். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது என்றும், பொய்யின் புதுமையே மக்களை ஈர்த்திருக்கலாம் என்றும் கூறியது. நம் மறுப்புகளோ "இது தவறான தகவல்" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. வதந்தியோடு வரும் படம் உண்மையில் எங்கே, எதற்காக எடுக்கப்பட்டது என்று சொன்னால், அதுவே பகிரத்தக்க செய்தியாகிவிடும்.

கடைவரிசை:
அந்த ஆய்வு ஒப்பிட்டது உண்மைச் செய்திகளையும் பொய்ச் செய்திகளையும்தானே தவிர, ஒரு வதந்தியையும் அதன் மறுப்பையும் அல்ல. எழுத்து நன்றாக இருந்தால் போதும் என்பதை நான் ஏற்கவில்லை. வதந்திப் பதிவின் கீழ், வதந்திகளைச் சரிபார்க்கும் 'ஸ்னோப்ஸ்' தளத்தின் இணைப்பை யாரேனும் இட்டால், பகிர்ந்தவர் தம் பதிவை நீக்குவதற்கான வாய்ப்பு கூடுகிறது என்று ஃபேஸ்புக் தரவைக் கொண்டு 2014இல் வெளியான ஆய்வு கண்டது. ஆனாலும் வதந்தி தொடர்ந்து பரவியது. பதிவை நீக்கும்போது கீழிருந்த மறுப்பும் சேர்ந்தே மறைகிறது என்பதைக் கவனியுங்கள். வெட்கப்பட்டவர் சத்தமில்லாமல் நீக்குவாரே ஒழிய, மறுப்பைத் தம் பக்கத்தில் இடமாட்டார்.

மெய்தேடி:
அப்படியானால், அவர் கூச்சமின்றிப் பகிரக்கூடிய வடிவில் மறுப்பை எழுத வேண்டும் என்றுதானே ஆகிறது? வதந்திப் படத்தின் மேல் சிவப்பில் "பொய்" என்று முத்திரை குத்தி வெளியிடுவது, பகிர்ந்தவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போன்றது. போதாக்குறைக்கு, முத்திரை ஓரத்தில் இருந்தால் அதை வெட்டிவிட்டு மீண்டும் சுற்றுக்கு விடுகிறார்கள்.

இடைமறிப்பவர்:
இருவருமே யார் சொல்கிறார் என்பதை விட்டுவிட்டீர்கள். ட்விட்டரில் ஒருவரையொருவர் பின்தொடர்பவர்கள் திருத்தும்போது அத்திருத்தம் ஏற்கப்படும் வாய்ப்பு அதிகம் என்று 2018இல் வந்த மற்றோர் ஆய்வு சொல்கிறது.

கடைவரிசை:
ஏற்பது வேறு, பரப்புவது வேறு. எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தின் 'கம்யூனிட்டி நோட்ஸ்' வசதி, பயனர்கள் எழுதும் திருத்தக் குறிப்புகளில் வழக்கமாக முரண்படுபவர்களும் பயனுள்ளது என ஒப்பும் குறிப்பைப் பதிவோடு ஒட்டிவிடுவதால், அதை எவரும் தனியே பரப்பத் தேவையில்லை. குறிப்பு தோன்றுவதற்குள் பகிர்வின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தாமதத்தைத் தளத்தால்தான் குறைக்க முடியும், மெய்தேடி அவர்களின் நடையழகால் முடியாது.

மெய்தேடி:
குறிப்பு ஒட்டப்படும் முன்பே எடுத்த ஸ்கிரீன்ஷாட்டோடு அது வாட்ஸ்அப்புக்குப் போவதில்லையே. அங்கே மறுப்பைச் சுமந்து செல்லத் தளம் வராது, ஆள்தான் வேண்டும்.