தில்லி வந்தபின் உங்கள் சுபாவத்தை மாற்றியவர் யார்?

யமுனைக்கரை:

ஊரைவிட்டு வந்தவர்களிடம் எல்லோரும் கேட்பது, "தில்லி பழகிவிட்டதா?" என்றுதான். குளிர் பழகிவிடும், சப்பாத்தியும் பழகிவிடும். நான் கேட்க நினைப்பது வேறு. இங்கே அன்றாடம் பழகிய யாரோ ஒருவரால் உங்கள் சுபாவத்தில் ஏதாவது மாறியிருந்தால் அதை எழுதுங்கள். பெற்றோர், குரு, மேடைப் பேச்சாளர் வேண்டாம். பதவி உயர்வுக் கதைகளும் வேண்டாம். யார் பெயரையும் போடாதீர்கள். நானே தொடங்குகிறேன்.

கல்யாணமாகி மயூர் விஹாருக்குக் கிளம்பியபோது அம்மா சொல்லியனுப்பிய புத்திமதி: "அக்கம்பக்கத்தில் கை நீட்டாதே." நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். வீட்டில் உப்பு தீர்ந்துபோனால் உப்பில்லாமல் சாப்பிட்டு எழுந்திருப்போமே தவிர, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டமாட்டோம். அதை ஒரு கௌரவமாகவே வளர்த்திருந்தார்கள்.

தரைத்தளத்தில் ஒரு பஞ்சாபி அம்மாள். பிரிவினையின்போது சிறுமியாக லாகூரிலிருந்து வந்தவர். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் பீஜி, அதாவது அம்மா. நாங்கள் குடிவந்த வாரமே இரண்டு மாடி ஏறி வந்து, "இரண்டு வெங்காயம் கொடு, பேட்டி (மகளே)" என்றார். கொடுத்தேன். அடுத்தது மஞ்சள்பொடி. பிறகு தீப்பெட்டி. ஒருநாள், "நீ கொதிக்க வைக்கிறாயே ஒரு புளித்தண்ணீர், அதில் ஒரு கிண்ணம்" என்றார். ரசத்தைத்தான் சொன்னார். கிண்ணம் திரும்பி வந்தபோது அதில் கேரட் அல்வா இருந்தது. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு. இது என்ன, கூச்சமே இல்லாமல் கேட்கிற ஜன்மம் என்று.

டிசம்பரில் ஊறுகாய் போட என்னையும் கூப்பிட்டார். பூக்கோசு, கேரட், ஷல்கம் (டர்னிப்) மூன்றையும் நறுக்கி ஒரே ஒரு கொதி விட்டு, வடித்து, மொட்டைமாடியில் கயிற்றுக்கட்டிலில் பழைய துணி விரித்து வெயிலில் போட்டோம். ஈரம் முழுக்கப் போனபின் கடுகெண்ணெயில் இஞ்சியும் பூண்டும் வதக்கி, வெல்லமும் வினிகரும் கடுகுப்பொடியும் சேர்த்துக் கிளற வேண்டும். ஜாடி எடுக்க அவருடைய உள்ளறைக்குப் போனேன். கட்டிலுக்கடியில் வெங்காயம் சாக்குமூட்டையாகக் கிடந்தது. "இவ்வளவு வைத்துக்கொண்டா என்னிடம் கேட்டீர்கள்?" என்றேன். "குனிந்து எடுக்க வேண்டுமே, முதுகு வலிக்கிறது" என்றார். குனிய முடியாதவர் இரண்டு மாடி ஏறி வந்திருக்கிறார்.

என் கணவர் டெங்குக் காய்ச்சலில் தவித்த ஒரு நள்ளிரவில் நான் யோசிக்கவே இல்லை. நேரே கீழே இறங்கிப்போய் அவர் கதவைத் தட்டினேன். அவருடைய மகன் ஸ்கூட்டரை எடுத்தான். பழைய நானாக இருந்தால் விடியும்வரை ஈரத்துணியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வருடம் எங்கள் மாடிக்குத் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி குடிவந்தாள். நான் போய்க் கறிவேப்பிலை கேட்டேன். தில்லிக் குளிரில் கறிவேப்பிலைச் செடி மொட்டையாகிவிடும் என்பது உங்களுக்கும் தெரியும். அப்போது குளிர்காலம் இல்லை, என் தொட்டியில் செடி தழைத்துக் கிடந்தது. அவள் முகத்தில் அதே முணுமுணுப்பு தெரிந்தது. எனக்குப் பரம திருப்தி.

இரண்டாம் முறை:

அக்கா, உங்கள் பீஜியைப் போல வந்தவர்களுக்காக உருவான இடத்தில்தான் நான் இப்போது இருக்கிறேன். பழைய ராஜிந்தர் நகர். பிரிவினை அகதிகள் குடியேறிய வீடுகளில் இன்று குடிமைப் பணித் தேர்வுக்காரர்கள் பலகைத் தடுப்புக்குள் படுத்திருக்கிறோம்.

என் அறைத் தோழன் பீகார்க்காரன், தர்பங்காவைச் சேர்ந்தவன். தினமும் இரவு அம்மாவுக்குப் போன் செய்வான். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. "இன்றைக்கு என்ன காய்? என்ன விலைக்கு வாங்கினாய்? அதை ஏன் கடுகு அரைத்துச் செய்யவில்லை?" அரைமணி நேரம் இதே பேச்சு. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பாலிட்டி புத்தகத்தில் ஒரு பக்கம் நகராது.

என் அப்பாவுக்கு விருதுநகரில் கடை. வாடகை நாள் நெருங்கினால்தான் நான் அவருக்குப் போன் செய்வேன். எடுத்ததும் அவர் கேட்பது, "எவ்வளவு?" ஒருநாள் சும்மா போன் செய்து, "வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு?" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "இந்தா, உன் மகன் என்னமோ கேட்கிறான்" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டார். நான் விடவில்லை. மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். நேற்று அவராகவே கூப்பிட்டார். "சுண்டவற்றல் குழம்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மாடியறை:

எல்லோருக்கும் நல்லவர்களாகவே வாய்த்திருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் அப்படியல்ல. ஊறுகாய் கொடுத்தனுப்புகிற ரகமும் இல்லை.

கரோல் பாகில் பர்சாத்தி ஒன்றில் இருந்தேன். மொட்டைமாடியில் ஒற்றை அறை, கோடையில் சுவரைத் தொட்டால் சுடும். வீட்டுக்காரர் கீழே. தில்லி வழக்கப்படி 11 மாத ஒப்பந்தம். ஒரு வருடத்துக்கு மேல் என்று எழுதினால் பதிவு செய்ய வேண்டுமே. மாடிப்படிக்கு அடியில், இருட்டில், என் அறைக்கான துணை மீட்டர். முதல் தேதி டைரியோடு வருவார். 73 யூனிட் என்றால் 80 என்று எழுதுவார். "சில்லறைக் கணக்கு எதற்கு?" என்பார். நான் "சரி ஜி" என்பேன். பணம் பெரிதில்லை. எதிராளி முகம் கோணினால் எனக்கு வயிறு கலங்கிவிடும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கக்கூட நண்பனை அனுப்புகிறவன்.

ஒரு மாதம் சம்பளம் தாமதமானது. அந்த மாதம் எண்பதை என்னால் தாங்க முடியாது. டார்ச் வாங்கினேன். முந்தின நாள் இரவு மீட்டரைப் பார்த்து, பக்கத்துச் சுவரிலேயே பென்சிலால் தேதியும் எண்ணும் எழுதி, கோடு போட்டு வைத்தேன். மறுநாள் அவர் வந்தார். டார்ச்சை அடித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் நன்றாகவே கோணியது. டைரியில் சரியான எண்ணை எழுதிக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லை.

நான் மேலே ஏறி வந்து தயிர்சாதம் சாப்பிட்டுத் தூங்கினேன். அதுதான் எனக்கு அதிசயம். ஒருவர் என்மேல் கோபமாகக் கீழே இருக்கிறார், நான் மேலே தூங்குகிறேன்! காலி செய்யும்வரை சுவரில் கோடுகள் ஏறிக்கொண்டே போயின. அவரும் கடைசிவரை சிரித்ததில்லை. காலி செய்யும்போது அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க என்று முன்பணத்தில் பிடித்துக்கொண்டார். அதற்கும் ரசீது கேட்டு வாங்கினேன்.

வாசகி:

யமுனைக்கரை அக்கா, தலைப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. ஊறுகாய்க்கு வெல்லம் எவ்வளவு?

யமுனைக்கரை:

மூன்று காயும் கிலோ கிலோ என்றால் வெல்லம் அரைக் கிலோ. பீஜி அளந்து பார்த்ததில்லை. ஜாடியை ஒரு வாரம் வெயிலில் வையுங்கள், தினமும் குலுக்குங்கள்.

பச்சைத்தாள்:

மாடியறைக்காரர் சுவரில் எழுதினார், நான் தாளில் எழுதக் கற்றேன். ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அமைச்சகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். கணினி வராத காலம். கோப்பைத் திறந்தால் இடப்பக்கம் பச்சை நிறக் குறிப்புத்தாள், வலப்பக்கம் கடிதங்கள். கீழ்நிலையில் இருப்பவன் குறிப்பெழுதி இடது ஓரத்தில் கையெழுத்திடுவான், அதிகாரிகள் வலது ஓரத்தில். எங்கள் பிரிவின் மூத்தவர் ஒரு வங்காளி. தாதா என்று கூப்பிடுவோம், வங்காளியில் அண்ணா. வாயில் எப்போதும் ஏலக்காய், காதில் ஒரு பென்சில்.

எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்ற நினைப்பு உண்டு. முதல் குறிப்பில் "மிகவும் கவலைக்குரிய தாமதம்" என்ற பொருளில் அழகாக ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். தாதா பென்சிலை எடுத்து அதை அடித்தார். "கவலை யாருக்கு? உனக்கா, அமைச்சருக்கா? தேதியைப் போடு." கடிதம் போன தேதி, நினைவூட்டல் போன தேதி, பதில் வரவில்லை. மூன்று வரி. படித்துப் பார்த்தால் என் வாக்கியத்தைவிடக் கடுமையாக இருந்தது.

மேலதிகாரி சொன்னது விதிக்குப் புறம்பாக இருந்தால்? "தவறு என்று எழுதாதே. விதி என்ன சொல்கிறது என்று எழுது. நடந்தது என்ன என்று எழுது. என்னென்ன வழி இருக்கிறது என்று எழுது. இடது ஓரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மீன் சாப்பிடு." எனக்கு மீன் இல்லை, மற்றதெல்லாம் செய்தேன். கோபம் வந்தால் பேச்சு தடித்துப்போகும் குடும்பம் எங்களுடையது. எதிர்ப்பைச் சொல்வதற்குக் குரல் உயரத் தேவையில்லை என்பதை அந்த மனிதர் பென்சிலால் எனக்குக் காட்டினார்.

மாயவரத்தில் பூர்வீக வீட்டுப் பங்கு விஷயத்தில் அண்ணாவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை அறுந்திருந்தது. நாலு பக்கம் கடிதம் எழுதி வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "நன்றிகெட்ட" போயிற்று. "அப்பா ஆன்மா" போயிற்று. "ஊரே சிரிக்கிறது" போயிற்று. மிச்சம் அரைப்பக்கம்: பத்திரத்தில் உள்ளது, ஓட்டு மாற்ற நான் அனுப்பிய தொகை, மூன்று வழிகள். தபாலில் போட்டேன். அண்ணா பதில் போட்டார். மூன்றாவது வழி, சின்னத் திருத்தத்தோடு.

என் மனைவிக்கு மட்டும் இந்தத் தாதா வித்தையில் நம்பிக்கை கிடையாது. "குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் உங்களுக்கு ஆதாரம் வேண்டியிருக்கிறது" என்பாள்.

ஜங்புரா மகள்:

பெரியவர்கள் எழுதும் இடத்தில் எழுதலாமா என்று யோசித்தேன். எங்கள் குடியிருப்பைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஜங்புராவில் பாராபுல்லா வடிகால் ஓரம் இருந்த தமிழர் குடிசைப்பகுதி, மதராசி கேம்ப். 2025 ஜூன் 1 அன்று நீதிமன்ற உத்தரவின்படி இடித்தார்கள். தகுதிப் பட்டியலில் இருந்தவர்களுக்கு நகரின் வடகோடியில், நரேலாவில் வீடு. அந்தக் கதையை இங்கே எழுதவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பு நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். நான் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படித்தேன். தமிழ், இந்தி, கொஞ்சம் ஆங்கிலம் மூன்றும் தெரிந்த பிள்ளை என்பதால் எங்கள் சந்தில் யாருக்கு எந்த விண்ணப்பம் வந்தாலும் என்னிடம் வரும். ரேஷன், வாக்காளர் அட்டை, மின்இணைப்பு. நான் வேகமாக நிரப்புவேன், அவர்கள் நான் காட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் அது பெரிய அதிகாரம்.

சாலை வேலை பார்த்த ஒரு தாத்தா இருந்தார், விழுப்புரம் பக்கத்துக்காரர். முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தோடு வந்தார். பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். நிரப்பி முடித்து மைப்பெட்டியை நகர்த்தினேன். விரலை நீட்டவில்லை. "எழுதியதை வாசி" என்றார். "எல்லாம் சரியாக இருக்கிறது, தாத்தா." "இருக்கட்டும், வாசி." கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஊர்ப் பெயர் வந்ததும் நிறுத்தினார். அது அவர் பிறந்த ஊர் இல்லையாம், பெண் எடுத்த ஊராம். என்னிடம் அந்த ஊரைப் பற்றியே அதிகம் பேசியிருந்ததால் நான் அதையே சொந்த ஊர் என்று நினைத்திருந்தேன். திருத்தினேன். "மறுபடி முதலிலிருந்து வாசி."

அதன்பிறகு எல்லோருக்கும் வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். அப்போதுதான் மனிதர்கள் பேசினார்கள். ஓர் அத்தைக்குக் 'கணவரை இழந்தவர்' என்ற கட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் யாரோ குறியிட்டுக் கொடுத்திருந்தார். நான் வாசித்ததும் அத்தை, "அவன் எங்கே செத்தான்? ஃபரீதாபாதில் இன்னொருத்தியோடு இருக்கிறான்" என்றார். வாசிக்காமல் இருந்திருந்தால் அவர் அரசாங்கக் காகிதத்தில் விதவையாகியிருப்பார்.

இப்போது ஒரு மருத்துவமனையில் பதிவுச் சீட்டு எழுதும் கவுன்டரில் இருக்கிறேன். பெயர், வயது, முகவரி, எந்தப் பிரிவு எல்லாவற்றையும் நோயாளிக்கு வாசித்துக் காட்டிய பின்புதான் அச்சுக்குக் கொடுப்பேன். வரிசை நீள்கிறது என்று மேற்பார்வையாளர் கடிந்துகொள்வார். அவர் சொல்வதும் நியாயம்தான். வெயிலில் நிற்பவர்களுக்குச் சங்கடம். என் வேகம் முன்பைவிடக் கூடியிருக்கிறது, வாசிப்பதை நிறுத்தவில்லை.

பச்சைத்தாள்:

அம்மா, எங்கள் தாதா உயிரோடு இருந்திருந்தால் உங்களைப் பார்க்க அந்தக் கவுன்டருக்கே வந்திருப்பார்.

யமுனைக்கரை:

இங்கே பெரியவர், சின்னவர் எல்லாம் இல்லையம்மா. ஒன்று மட்டும் சொல். அந்தத் தாத்தாவுக்கு உதவித்தொகை கிடைத்ததா?

ஜங்புரா மகள்:

கிடைத்தது அக்கா. வங்கிப் புத்தகத்தில் மட்டும் பெயரில் ஓர் எழுத்து மாறி வந்தது. நான் எழுதியதில் இல்லை, கணினியில் ஏற்றியபோது வந்த பிழை. அதைச் சொன்னதும் புத்தகத்தை என்னிடமே நீட்டி, மிச்சத்தையும் வாசிக்கச் சொன்னார், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விதிமுறைகள்வரை. மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை. வாசித்து முடித்துவிட்டுத்தான் திருத்த மனு எழுதினோம். அதையும் வாசித்தேன்.