12 அடி ஹாலில் டவர் ஸ்பீக்கர்: சுவரை ஒட்டியா, தள்ளியா?

செத்தாபாக்_12ஆம்_மாடி:
வணக்கம். போன மாதம் டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன், செகண்ட்ஹேண்ட், ஆனால் கோன், ரப்பர் ஓரம் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. 1 மீட்டர் உயரம், 35 செ.மீ. ஆழம், பாஸ் (அடிச்சத்தம்) வெளியேறும் ஓட்டை பின்பக்கம். கோலாலம்பூரில் கொண்டோ (அடுக்குமாடி) வீடு, ஹால் 12 அடிக்கு 20 அடி. நீளச் சுவரின் நடுவில் டிவி கேபினட், எதிர்ச் சுவரோடு சோபா, ஒரு பக்கம் பால்கனிக் கண்ணாடிக் கதவு, மறுபக்கம் சாப்பாட்டு மேசை. டிவிக்கு இரு பக்கமும் சுவரிலிருந்து நான்கு விரல் விட்டு ஸ்பீக்கரை நிறுத்தியிருக்கிறேன். பாஸ் வீங்கி வருகிறது. மிருதங்கத்தில் தொப்பி, அதாவது இடது பக்கம் விழும் ஒவ்வொரு அடியும் "தொம்ம்ம்" என்று அடுத்த அடி வரை இழுக்கிறது, பாடுகிறவர் குரல் அதற்குள் அமுங்கிப் போகிறது. விற்றவர் வீட்டில் இதே ஸ்பீக்கர் அவ்வளவு சுத்தமாகப் பாடியது. ஒரு கடையில் கேட்டேன், 800 வெள்ளி (ரிங்கிட்) விலையில் ஒரு கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா?

செந்தூல்_தவில்:
தம்பி, கேபிளுக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள். ஸ்பீக்கரை இழுத்து முன்னால் வையுங்கள். நான்கு விரல் இடைவெளியில் டவர் ஸ்பீக்கர் மூச்சு விடவே முடியாது, அதுவும் ஓட்டை பின்பக்கம் இருக்கிற ஸ்பீக்கர். சுவர் பாஸைத் திருப்பி அடித்து இரட்டிப்பாக்குகிறது. மூலைக்கு நெருங்கினால் இன்னும் மோசம். பின்பலகைக்கும் சுவருக்கும் இரண்டு அடியாவது இருக்கட்டும். நான் 20 வருடமாகக் கோயிலில் தவில் வாசிக்கிறவன். இடந்தலைச் சத்தம் நேரில் எப்படி இருக்கும், சுவரில் மோதித் திரும்பினால் எப்படி இருக்கும் என்று காதுக்குத் தெரியும். ஸ்பீக்கரை இழுத்தவுடன் குரல் டிவிக்குப் பின்னால் ஒரு ஆள் தள்ளி நின்று பாடுவது போல விலகிப் போகும் பாருங்கள், அந்த ஆழம் சுவரை ஒட்டி வைத்தால் வரவே வராது.

அளவுகோல்:
கேபிள் விஷயத்தில் அண்ணன் சொன்னதுதான் சரி. ஜாலான் பசாரில் மீட்டர் கணக்கில் விற்கும் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி போதும், 4 மீட்டர் இழுத்தால் போக வர மொத்தமே 0.055 ஓம்தான் தடை.

ஆனால் இரண்டு அடி இழுக்கச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்ம ஊர் 30 டிகிரி சூட்டில் ஒலி வினாடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. வூஃபரிலிருந்து (பாஸ் பாடுகிற பெரிய கோன்) பின்சுவர் வரைக்கும் உள்ள தூரம் எந்த அலையின் கால் பங்கோ, அந்த அலை சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது நேர்ச்சத்தத்தோடு முட்டி அதை அடக்கிவிடும். பின்பலகைக்கும் சுவருக்கும் 65 செ.மீ., பெட்டி ஆழம் 35, ஆக 1 மீட்டர். 349ஐ 4ஆல் வகுத்தால் 87 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 87 அதிர்வு). பாஸ் கிட்டாரும் தொப்பியும் வாழ்கிற இடம் அது, அங்கே பள்ளம் விழுந்தால் ஈக்வலைசர் (ஒலியில் ஒவ்வொரு பகுதியையும் தனியாக ஏற்றி இறக்குவது) வைத்து நிரப்ப முடியாது. எவ்வளவு ஏற்றினாலும் சுவரிலிருந்து திரும்புவதும் அதே அளவு ஏறும். சுவரிலிருந்து 10 செ.மீ.யில் வைத்தால் அதே பள்ளம் 194 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், அங்கே ஸ்பீக்கருக்குப் பின்னால் சத்தத்தை உறிஞ்சும் ராக்வூல் பலகை ஒன்றை வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சுவரை ஒட்டி வைப்பதைத் தப்பு என்று யார் முடிவு செய்தது? அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ராய் அலிசன் 1974இலேயே அறைச் சுவர்கள் ஸ்பீக்கரின் பாஸை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்ந்து எழுதி, சுவருக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரியே ஸ்பீக்கர் செய்தார். கிளிப்ஷ்ஹார்ன் என்ற ஸ்பீக்கர் 1946இலிருந்து அறை மூலையில் நிற்பதற்காகவே செய்யப்படுகிறது.

செந்தூல்_தவில்:
அந்த ஸ்பீக்கர்களை மூலைக்கும் சுவருக்கும் என்றே செய்தார்கள், தம்பி வாங்கியது அப்படிச் செய்ததா? வெட்டவெளியில் நிற்கச் செய்ததைக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினால் பாஸ் கூடத்தானே செய்யும்.

அளவுகோல்:
கூடட்டும் அண்ணே. கூடினதை வெட்டலாம், காணாமல் போனதைக் கொண்டுவர முடியாது. ஓட்டைக்குள் ஒரு ஜோடி காலுறையைச் சுருட்டி வையுங்கள், அடிமட்ட பாஸ் அடங்கும். பிறகு யூமிக்-1 என்ற அளக்கும் மைக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருளும் போட்டு அளந்து, எங்கே துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதை மட்டும் ஈக்வலைசரில் குறுகலாக வெட்டுங்கள். அந்த மென்பொருள் இலவசம்.

கெப்போங்_அக்கா:
இரண்டு பேரும் ஸ்பீக்கரையே பார்க்கிறீர்கள், தம்பி சோபா எங்கே இருக்கிறது என்று எழுதியதைப் படிக்கவில்லை. எதிர்ச் சுவரோடு ஒட்டி. பிரச்சினையே அங்கேதான்.

எந்த அறையிலும் இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு நடுவே நிற்கிற அலை உருவாகும், அதன் அழுத்தம் சுவரில்தான் உச்சம். 12 அடி என்றால் சுமார் 3.6 மீட்டர்: முதல் அலை 48 ஹெர்ட்ஸ், அடுத்தது 97. இரண்டுமே பின்சுவரில் உச்சத்தில் இருக்கும்போது தலையையும் அங்கேயே வைத்து உட்கார்ந்தால் தொம்ம்ம் என்றுதான் கேட்கும். சோதித்துப் பாருங்கள்: பாட்டை ஓடவிட்டு எழுந்து நின்று, சுவரிலிருந்து மெதுவாக முன்னால் நடங்கள். மூன்று அடி வரும்போது அந்த வீக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று நீங்களே சொல்வீர்கள். 12இல் கால் பங்கு மூன்று. 97 ஹெர்ட்ஸ் அலைக்கு அந்த இடத்தில் அழுத்தமே கிடையாது, 48உம் சுவரில் இருப்பதைவிட 3 டெசிபெல் குறைவு. இன்னும் முன்னால் வந்து நட்டநடுவில் உட்காராதீர்கள், அங்கே 48 காணாமல் போய் 97 மறுபடி உச்சத்துக்கு வந்துவிடும்.

சோபாவை இரண்டு அடி முன்னால் தள்ளினால் தலை அந்த இடத்துக்கு வந்துவிடும். அதோடு ஸ்பீக்கரையும் இரண்டு அடி இழுத்தால் காதுக்கும் வூஃபருக்கும் 1.7 மீட்டர்தான் மிஞ்சும். டவரில் மேலே உச்சச் சத்தம் பாடுகிற ட்வீட்டர், கீழே வூஃபர், அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றாகச் சேராமல் தனித்தனியாகக் கேட்கும். அதனால் இந்த அறையில் நான் அளவுகோல் பக்கம். ஸ்பீக்கர் சுவருக்குக் கிட்டேயே நிற்கட்டும், சோபா நகரட்டும்.

இன்னொன்று. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் தயவுசெய்து ஸ்பீக்கரைப் பின்னால் ஒரு பட்டையால் சுவரில் கட்டுங்கள். என் மகள் இரண்டு வயதில் டவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தாள், பளபளப்பான டைல்ஸ், கூர்க்கால்மேல் நின்ற பெட்டி என் கைக்கு எட்டின தூரத்தில் ஆடியது. அன்றைக்கே கூர்க்காலைக் கழற்றிவிட்டு அகலமான ரப்பர் கால் மாட்டினேன். சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

செந்தூல்_தவில்:
பிள்ளை விஷயத்தில் அக்கா சொல்வதற்கு மறுபேச்சே இல்லை. ஆனால் தொப்பியின் உடம்பு இருக்கிற இடத்தில் அழுத்தமே இல்லாமல் உட்காரச் சொல்கிறீர்களே, அப்புறம் மிருதங்கம் கஞ்சிரா மாதிரி கேட்குமே.

கெப்போங்_அக்கா:
அந்த ஒரு திசை அலை மட்டும்தான் அடங்கும். நீளத் திசை, உயரத் திசை அலைகளும் நேர்ச்சத்தமும் இருக்கின்றன. கேட்டுப் பார்க்காமல் பயப்படாதீர்கள்.

செந்தூல்_தவில்:
சரி. அப்படியென்றால் ஹாலையே திருப்புங்கள் என்பேன். தம்பி, நீளவாக்கில் 20 அடி வைத்துக்கொண்டு ஏன் 12 அடிக்குள் முட்டிக்கொள்கிறீர்கள்? கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு மீட்டர் விட்டு ஸ்பீக்கர், சோபா நடு ஹாலில், அதற்குப் பின்னால் சாப்பாட்டு மேசை. நீளவாக்கு அலை 29 ஹெர்ட்ஸில்தான் ஆரம்பிக்கிறது, பாட்டில் அவ்வளவு கீழே அதிகம் இருக்காது. இப்போது ஒரு ஸ்பீக்கர் கண்ணாடிப் பக்கமும் மற்றது திறந்த வெளிப் பக்கமும் நிற்பதால் இடதும் வலதும் இரண்டு விதமாகப் பாடும். திருப்பினால் இரண்டுக்கும் பக்கத்தில் ஒரே மாதிரி சிமெண்ட் சுவர் கிடைக்கும், குரல் நடுவில் ஆணி அடித்த மாதிரி நிற்கும்.

அளவுகோல்:
இதை நான் மறுக்க முடியாது. 20 அடி நீளத்தைப் பயன்படுத்துவது நல்ல யோசனை.

செத்தாபாக்_12ஆம்_மாடி:
இரண்டு வாரம் ஆகிறது, இப்போதுதான் எழுத முடிந்தது. எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

முதலில் அக்கா சொன்ன நடை. சுவரிலிருந்து ஒவ்வொரு அடியாக வந்தேன். மூன்றாவது அடியில் "தொம்ம்ம்" என்பது "தொம்" என்று வெட்டினாற்போல் நின்றது, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. விரல்கள் தோலில் படுகிற சத்தம் முதன்முதலாகக் காதில் விழுந்தது. என் மனைவியைக் கூப்பிட்டு அதே இடத்தில் நிற்கவைத்தேன், அவரும் உடனே சொல்லிவிட்டார். சோபாவை இரண்டு அடி தள்ளினேன், காலுறையையும் வைத்தேன். மைக்கை நண்பரிடம் இரவல் வாங்கி அளந்து 48 ஹெர்ட்ஸில் மட்டும் 4 டெசிபெல் வெட்டினேன்.

போன ஞாயிறு ஹாலைத் திருப்பினேன். செந்தூல் அண்ணன் சொன்னது உண்மை, குரலுக்கு அப்படி ஒரு இடம் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் துணி காயப்போடுவது பால்கனியில், ஒவ்வொரு முறையும் கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே கேபிளைத் தாண்டிப் போக வேண்டும். மாலையில் வெயில் நேராகப் பெட்டியின் முதுகில் விழுகிறது, செவ்வாய்க்கிழமை மழைச்சாரல் ஸ்பீக்கர் கால் வரைக்கும் வந்துவிட்டது. புதன்கிழமை பழையபடி டிவிச் சுவருக்கே கொண்டுபோனேன். இரண்டு அமைப்புக்கும் டைல்ஸில் நீல டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் திருப்புகிறேன், நகர்த்த பத்து நிமிடம்தான் ஆகிறது.

செந்தூல்_தவில்:
ஞாயிறு மட்டுமாவது கேட்கிறீர்களே, சந்தோஷம். ஸ்பீக்கரை உங்கள் பக்கம் எவ்வளவு திருப்பி வைத்திருக்கிறீர்கள்? நேராக மூக்கைக் குறிவைத்தால் வீணை கூசும். தோளுக்கு வெளியே பார்க்கிற அளவுக்குத் திருப்பினால் போதும்.

அளவுகோல்:
அதை அளந்து முடிவு செய்யலாம் அண்ணே. சில ட்வீட்டர் நேராகப் பார்த்தால்தான் சரியாகப் பாடும். தம்பி, மைக்கைத் திருப்பிக் கொடுப்பதற்குள் நேராக ஒரு தடவை, 15 டிகிரி விலக்கி ஒரு தடவை அளந்து இங்கே போடுங்கள்.