கொறங்காட்டுப் படலைச் சாத்தினால் மழைத்தண்ணீர் என்ன ஆகிறது?

மூலனூர்ப் பக்கத்திலிருந்து:

கொறங்காடு என்றால் எங்கள் பக்கத்தில் உயிர்வேலி கட்டிப் புல் வளர்த்து ஆடுமாடு மேய்க்கிற காடு. எங்கள் கொறங்காட்டுக்கும் பக்கத்துக் காட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கிளுவை வேலிதான். அதே செம்மண் சரளை, அதே சரிவு, அதே மழை. அந்தப் பக்கம் குத்தகைக்கு விட்டது, வருடம் முழுக்க ஆடு நிற்கும். எங்கள் பக்கம் மழை பிடித்ததும் காட்டு வாசல் படலைச் சாத்திவிடுவோம். கொழுக்கட்டைப்புல் கதிர் வாங்கி விதை உதிர்ந்த பிறகுதான் மாட்டை உள்ளே விடுவது.

ஐப்பசியில் நல்ல மழை ஒன்று அடித்து ஓய்ந்ததும் வேலியோரம் குனிந்து பாருங்கள். அந்தப் பக்கம் ஒவ்வொரு சரளைக்கல்லும் விரல் கனத்துக்கு ஒரு மண் மேடையில் உட்கார்ந்திருக்கும். கல்லுக்கு அடியில் இருந்த மண் தப்பித்தது, சுற்றி இருந்த மண்ணை மழைத்துளி அடித்துக்கொண்டு போய்விட்டது. மேல்மண் காய்ந்ததும் நகத்தால் உரித்தால் அப்பளம் மாதிரி ஒரு ஏடு வரும். மழைத்துளி அடித்துக் கிளப்பிய நுண்மண் துவாரங்களை அடைத்துக்கொண்டதால் வருவது அது. அதற்கப்புறம் பெய்கிற மழை உள்ளே இறங்காது. ஆட்டுத்தடம்தான் வாய்க்கால், அதில் கலங்கல் தண்ணீர் ஓட்டமாகப் போகும்.

எங்கள் பக்கம் புல்தூருக்கு மேல்புறமாகச் சருகும் வண்டலும் வில் மாதிரி ஒதுங்கிக் கிடக்கும். சருகு கிடந்தால் கரையான் வரும், கரையான் வந்தால் மண்ணில் துளை விழும், தண்ணீர் இறங்க வழி கிடைக்கும். புல்லுக்கு மட்டும் பேர் கொடுத்துவிட்டுக் கரையானை யாரும் சொல்வதில்லை.

அதற்காக நிரந்தரமாகப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. இங்கே வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கிப் பூட்டிப்போட்ட காடு இருக்கிறது. முதலில் புல் அருமையாக வந்தது. பிறகு கிழப்புல் சாய்ந்து மூடிக்கொண்டது, நடுவில் வேலிக்காத்தான் (சீமைக்கருவேல்) நுழைந்தது. மேய்க்கிறவர் நடமாட்டம் இருந்திருந்தால் கன்றிலேயே பிடுங்கியிருப்பார். இப்போது அந்தப் புதருக்கு அடியில் வெறும் தரை.

வெள்ளகோவிலிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். எங்கள் ஊர்க் குட்டைக்குத் தண்ணீர் வருகிற மேட்டுக்காட்டை அடைத்த பிறகு குட்டை நிரம்புவது தள்ளிப்போகிறது. ஆட்டுக்காரர்கள் அந்த வேலியைத்தான் திட்டுகிறார்கள்.

மூலனூர்:

அவர்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது தம்பி. மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீர் குட்டைக்கு வராது. சின்ன மழைக்கும் நடுத்தர மழைக்கும் இது நன்றாகத் தெரியும். விடாமல் கொட்டுகிற மழையில் மண் நிறைந்துவிடும், அப்போது எந்தக் காடாக இருந்தாலும் தண்ணீர் ஓடத்தான் செய்யும். ஆனால் வருகிற தண்ணீரில் மண் குறைவு. தூர் வாருகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

சண்டிகரில் வேலை பார்க்கும் ஒருவர்:

இந்தத் தகராறை ஒரு ஊர் தீர்த்த விதத்தை இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்டேன். இந்த ஊர் சுக்னா ஏரி 1958இல் கட்டியது. இருபது ஆண்டு ஆகும் முன்பே பாதிக்கு மேல் மண் மேவிவிட்டது. மண் எங்கிருந்து வருகிறது என்று மேலே தேடிப் போனவர் பி.ஆர். மிஸ்ரா என்ற மண்வள விஞ்ஞானி. சுகோமாஜ்ரி என்ற சிற்றூருக்கு மேலே இருக்கிற சிவாலிக் குன்றுகள் ஆடு மேய்ந்து மொட்டையாகிக் கிடந்தன. மேய்க்காதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? 1976இல் அங்கே ஒரு மண் அணை கட்டினார்கள். அந்தத் தண்ணீர் வயலுக்கு வந்ததும் குன்றுக்கு ஆடு ஓட்டாமலிருக்க ஊரே ஒப்புக்கொண்டது. முள்வேலியும் இல்லை, காவலும் இல்லை. ‘சமூக வேலி’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆடு குறைந்து எருமை கூடியது, குன்றில் பாபர் புல் வந்தது, ஏரிக்குப் போகிற மண்ணும் நன்றாகக் குறைந்தது. ஆட்டுக்காரருக்கு ஈடாக ஏதாவது கிடைத்தால்தான் வேலி நிற்கும் என்பது என் கட்சி.

மண்ணியல் படிக்கும் மாணவி:

மூலனூர் அண்ணா கரையானைச் சொன்னதால் குளம்பையும் சேர்க்கிறேன். அமெரிக்காவில், கொலராடோவின் மேற்கே பேட்ஜர் வாஷ் என்ற வறண்ட மேய்ச்சல் நிலத்தில், 1953 முதல் இருபது ஆண்டு அருகருகே இருந்த சிறு நீர்ப்பிடிப்புகளை ஜோடி சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்றில் மேய்ச்சல், இன்னொன்றில் வேலி. வேலி போட்ட இடத்தில் வழிந்தோடும் தண்ணீர் கால் பங்குக்கு மேல் குறைந்தது, மண் அதைவிட அதிகமாகக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால் செடிகொடி பெரிதாக மாறவில்லை. குளிர்காலத்தில் உறைபனி பொலபொலவென்று ஆக்கிவிடும் மண்ணைக் கால்நடை மிதித்து இறுக்காமல் இருந்ததே முக்கியக் காரணம். நம் ஊரில் உறைபனி கிடையாது, அதனால் அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஈர மண்ணில் குளம்பு படக்கூடாது என்பது மட்டும் இங்கேயும் பொருந்தும்.

வெள்ளகோவில்:

ஏற்கெனவே ஆள் இறங்குகிற ஆழத்துக்கு ஓடை விழுந்த இடமும் வேலி போட்டால் தூர்ந்துவிடுமா?

மூலனூர்:

வேலி மட்டும் போதாது. ஓடை தொடங்குகிற மேல்முனையில் தண்ணீர் விழுந்து விழுந்து குடைந்துகொண்டே போகும். மேட்டிலிருந்து வருகிற தண்ணீரை முதலில் வரப்பு போட்டுப் பக்கவாட்டில் திருப்புங்கள். பிறகு ஓடைக்குக் குறுக்கே கல்லையும் முள்ளையும் இடைவெளி விட்டு அடுக்குங்கள், மேலிருந்து கீழாக. வண்டல் தங்கிய இடத்தில் கொழுக்கட்டை விதையைத் தூவிவிட்டு, அது வேர் பிடிக்கும்வரை ஆட்டை அண்ட விடாதீர்கள்.