மில்வாக்கில பிரைட் மாசம்: தனியா போலாமா, எங்க ஆரம்பிக்கிறது?

ஏரிக்கரை_27:
எல்லாருக்கும் வணக்கம். வேலை மாறி அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல இருக்குற மில்வாக்கி வந்து ஏழு மாசம் ஆச்சு, நான் கே, அதாவது ஆம்பளைங்க மேல தான் எனக்கு ஈர்ப்பு. வீட்ல தெரியாது, ஆபீஸ்லயும் சொல்லல, காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தனுக்கு மட்டும் தெரியும், அவனும் டெக்ஸாஸ்ல இருக்கான். இதுவரைக்கும் ஒரு கே பாருக்குள்ள கூட கால் வெச்சதில்ல. ரெண்டு தடவ கே பாருங்க இருக்குற வாக்கர்ஸ் பாயின்ட் ஏரியா வரைக்கும் கார எடுத்துட்டு போய் செகண்ட் ஸ்ட்ரீட்ல மேலயும் கீழயும் ஓட்டிட்டு பார்க் பண்ணாமயே வீட்டுக்கு வந்துட்டேன், வந்து ராத்திரி முழுக்க தூக்கமே வரல.

ஜூன்ல நம்ம மாதிரி எல்ஜிபிடி ஆளுங்களோட திருவிழா பிரைட்ஃபெஸ்ட் வருது, இந்த வருஷமாச்சும் போயே ஆகணும். தனியா போனா ஒரு மாதிரி இருக்குமா? நான் குடிக்க மாட்டேன், பார்ல சும்மா நின்னா ஏதாச்சும் நெனப்பாங்களா? பெரிய பயம் ஃபோட்டோ தான், இங்க தமிழ் ஆளுங்க கொஞ்ச பேரு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், யாராச்சும் பாத்து ஊருக்கு சொல்லிட்டா அம்மா தாங்க மாட்டாங்க. விசாவும் கம்பெனி கையில இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

செகண்ட்ஸ்ட்ரீட்_அக்கா:
தம்பி, நீ ரெண்டு தடவ சுத்திட்டு திரும்பி வந்தேன்னு படிச்சதும் எனக்கு கண்ணு கலங்கிருச்சு. நானும் அதே மாதிரி தான் 14 வருஷம் முன்னாடி, அப்ப நான் போனது டவுன்டவுன்ல வெல்ஸ் ஸ்ட்ரீட்ல இருந்த திஸ் இஸ் இட்ங்குற கே பாருக்கு, 1968ல ஆரம்பிச்ச இடம், உள்ள சின்னதா தாழ்வா இருட்டா இருக்கும், வயசானவங்க சாயங்காலமே வந்து அவங்கவங்க சேர்ல உக்காந்திருப்பாங்க. ஒரு பெரியவர் என்னைப் பாத்து ஒரு தலையாட்டல், அவ்வளவு தான், அதுக்கப்புறம் தான் எனக்கு மூச்சே ஒழுங்கா வந்துச்சு. 2025 மார்ச்ல அத மூடிட்டாங்க. இப்பவும் அந்தப் பக்கம் போனா மனசு கனத்துரும், சொந்தக்காரங்க வீடு கைமாறிப்போன மாதிரி.

இப்ப எல்லாம் பெரும்பாலும் வாக்கர்ஸ் பாயின்ட் தான். ஆத்துக்கு தெக்க, அந்த பெரிய ஆலன் பிராட்லி மணிக்கூண்டு தெரியுதுல்ல, போலிஷ் மூன்னு சொல்லுவாங்க, அத அடையாளமா வெச்சுக்கோ. செகண்ட் ஸ்ட்ரீட்டும் நேஷனல் அவென்யூவும் சேர்ற எடத்துல லாகேஜ்னு ஒரு கே பார் இருக்கு, 1984லேர்ந்து ஓடுது, டான்ஸ் சத்தம் கூட்டம் எல்லாம் அங்க. எதிர்ல வாக்கர்ஸ் பின்ட், 2001ல ஆரம்பிச்ச லெஸ்பியன் பார், அமெரிக்கா முழுக்க இந்த மாதிரி பார் ரொம்ப கொறஞ்சு போச்சு, நம்ம ஊர்ல ஒண்ணு நிக்குதுங்குறதுல எனக்கு அவ்வளவு பெருமை. ஆம்பளைங்களும் வரலாம், மரியாதையா இருந்தா போதும்.

நீ மொதல்ல சனிக்கிழம ராத்திரி போகாத. வார நாள்ல ஏழு ஏழரைக்கு போ, கூட்டம் இருக்காது, பார்டென்டர் உன்கிட்ட பேச நேரம் இருக்கும். சோடா வாங்கி கையில வெச்சுக்கோ, குடிக்கலன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க, ரெண்டு டாலர் டிப் வெய்யி. உள்ளூர் லைசென்ஸ் இருந்தா அத எடுத்துட்டு போ, பாஸ்போர்ட்ட பாருக்கெல்லாம் தூக்கிட்டு அலையாத. கிளாஸ கண்ணு முன்னாடியே வெச்சுக்கோ, இத நான் எந்த பார்னாலும் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

ஹையவாத்தா_பயணி:
ப்ரோ நான் சிகாகோ. தெரிஞ்சவங்க கண்ணுல படக்கூடாதுன்னா மொத தடவ பேசாம இங்க வந்துருங்க, ஹையவாத்தா ட்ரெய்ன் ஒன்றரை மணி நேரம் தான், பார்க்கிங் தொல்லையும் இல்ல. நார்த்ஹால்ஸ்டெட் பூரா தெரு நீளத்துக்கு நம்ம இடங்கள் தான், யாரும் யாரையும் கவனிக்க மாட்டாங்க. தெற்காசிய எல்ஜிபிடி ஆளுங்களுக்குன்னே ட்ரைகோன் சிகாகோங்குற அமைப்பு இருக்கு, என்ன மாதிரி அம்மா கேள்வி கேட்டு கேட்டு நொந்து போனவங்க அங்க நிறைய பேரு, அதுவே எனக்கு பாதி மருந்து. உங்க ஊர் பிரைட் ஜூன் ஆரம்பத்துல, எங்களோட பரேட் ஜூன் கடைசி ஞாயிறு, அதனால ரெண்டுக்கும் வரலாம்.

செகண்ட்ஸ்ட்ரீட்_அக்கா:
ட்ரைகோன் விஷயம் சரி, கண்டிப்பா தொடர்பு வெச்சுக்கோ தம்பி. ஆனா மொத தடவையே அந்த கூட்டத்துக்கு தனியா போறதுல எனக்கு உடன்பாடு இல்ல, ராத்திரி ட்ரெய்ன்ல தனியா திரும்பி வரும்போது மனசு இன்னும் வெறுமையாயிடும். நீ வாழப்போறது இங்க, அடுத்த வாரமும் பாக்கக்கூடிய முகம் நாலு வேணும்.

நிலாவழி:
நான் திருநங்கை, மில்வாக்கி தான். இந்த ஊர சின்ன ஊர்னு கொறச்சு நெனைக்காதீங்க. நியூயார்க்ல ஸ்டோன்வால் பார்ல நம்ம ஆளுங்க போலீஸ எதிர்த்து நின்னது 1969, அதுக்கு எட்டு வருஷம் முன்னாடியே 1961 ஆகஸ்ட்ல இங்க பிளான்கின்டன் அவென்யூல பிளாக் நைட்னு ஒரு பார்ல ராணுவ ஆளுங்க நாலு பேரு வந்து வம்பு பண்ண, திரும்ப ஆள் சேத்துட்டு அடிக்க வந்தப்ப உள்ள இருந்தவங்க ஓடல, நின்னு திருப்பி அடிச்சாங்க. முன்னால நின்னது ஜோசி கார்ட்டர், கறுப்பினத்தவங்க, ஆண் பெண்ணுங்குற கோட்டுக்குள்ள அடங்காம வாழ்ந்தவங்க. பயமா இருக்குற ராத்திரி அவங்கள தான் நெனச்சுப்பேன்.

வேலை பத்தி கேட்டீங்க. பாலீர்ப்ப காரணம் காட்டி வேலையிலயோ வீடு வாடகையிலயோ பாரபட்சம் பண்ணக்கூடாதுன்னு நாட்டுலயே மொதல்ல சட்டம் போட்ட மாநிலம் விஸ்கான்சின், 1982, கையெழுத்து போட்டது ரிபப்ளிகன் கவர்னர் லீ டிரைஃபஸ். அந்த மாநில சட்டத்துல பாலின அடையாளம்ங்குற வார்த்தை கெடையாது, எனக்கு அது இன்னும் உறுத்துது, ஆனா 2020 சுப்ரீம் கோர்ட் போஸ்டாக் தீர்ப்பு வேலை விஷயத்துல என்னையும் சேத்தே காக்குது. சட்டம் இருக்குங்குறதால ஆபீஸ்ல சொல்லியே ஆகணும்னு இல்ல, உங்களுக்கு தோணும்போது சொன்னா போதும். விசா சம்பந்தமா ஏதாவது பிரச்சனைன்னா வக்கீல்கிட்ட தனியா கேளுங்க.

ஃபோட்டோவுக்கு வருவோம். பிரைட்ஃபெஸ்ட் நடக்குறது ஏரிக்கரையில ஹென்றி மையர் ஃபெஸ்டிவல் பார்க், சம்மர்ஃபெஸ்ட் நடக்குற அதே மைதானம், டிக்கெட் வாங்கி உள்ள போகணும், மேடை கேமரா எல்லாம் இருக்கும். ஞாயித்துக்கிழம பரேட் செகண்ட் ஸ்ட்ரீட்ல, அது தெரு, யார் வேணா படம் எடுக்கலாம், தடுக்க முடியாது. அதனால தொப்பி கூலிங் கிளாஸ் போட்டுட்டு முன் வரிசையில நிக்காம கடை ஓரமா நில்லுங்க. பரேட் பாக்க குடும்பம் குழந்தைங்க சர்ச் ஆளுங்க ஆபீஸ் ஆளுங்க எல்லாருமே வருவாங்க, அங்க நின்னாங்குறதுக்காக யாரையும் யாரும் எதுவும் முடிவு பண்ண முடியாது. உங்கள பாக்குற தமிழரும் அங்க தானே நிக்கிறாங்க, அதயும் யோசிச்சு பாருங்க. போன வருஷம் நான் ஒருத்தர அப்படி பாத்தேன், ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் பேச்சே வரல, அப்புறம் அவங்க வந்து கைய புடிச்சுக்கிட்டாங்க.

ஏரிக்கரை_27:
எல்லாத்தையும் மூணு தடவ படிச்சேன். ஜோசி கார்ட்டர் பத்தி எனக்கு எதுவுமே தெரியாது, தினமும் ஆபீஸ் போற வழியில தான் அந்த பிளான்கின்டன் வருது. வர்ற வியாழக்கிழம ஏழு மணிக்கு வாக்கர்ஸ் பின்ட்டுக்கு போறேன், இந்த தடவ காரே எடுக்கல, ஊபர்ல போறேன், அப்ப தான் இறங்கியே ஆகணும்.

செகண்ட்ஸ்ட்ரீட்_அக்கா:
நானும் என் துணையும் அன்னிக்கு அங்க தான் இருப்போம், ஜன்னல் பக்கத்து டேபிள், நீ வந்து பேசணும்னு கட்டாயம் இல்ல, உன் பாட்டுக்கு உக்காந்துட்டு போலாம். பிரைட்ஃபெஸ்ட்டுக்கு வரும்போது ஒரு ஜாக்கெட் எடுத்துக்கோ, ஜூன்னு நம்பி வந்துராத, சாயங்காலம் ஏரிக்காத்து எலும்ப துளைக்கும்.