புதுப்பிப்பு: பெங்களூரு – ஊட்டி கார் பயணம், போய் வந்தாச்சு

கோடை விடுமுறையில் குழந்தைகள், மாமியாரோடு பெங்களூருவிலிருந்து ஊட்டிக்குக் காரில் போகிறோம், வழியில் எங்கே நிற்கலாம் என்று கேட்டிருந்தேன். நல்லபடியாகப் போய் வந்துவிட்டோம். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சன்னபட்ணாவை விட்டுவிடாதீர்கள் என்று சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மைசூரு விரைவுச்சாலை ஊரைத் தொடாமலே போய்விடும். பழைய சாலைக்கு இறங்கினால்தான் பொம்மைப் பட்டறைகள். கடைசலில் சுழலும் மரத்துண்டின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்கிற சூட்டிலேயே அரக்கு உருகி நிறம் பிடிக்கிறது. அப்புறம் தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்தால் அப்படியொரு பளபளப்பு! சின்னவள் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றாள்.

ரங்கனதிட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் தாங்காது. பறவை ஆய்வாளர் சாலிம் அலியின் முயற்சியால் 1940இல் பறவைகள் சரணாலயமான இடம். காவிரியில் படகு போகும்போது பாறையில் முதலை வாயைப் பிளந்து கிடந்தது, மரமெல்லாம் மஞ்சள்மூக்கு நாரைக் கூடுகள். மாமியாருக்குப் பயணத்திலேயே பிடித்தது இதுதான்.

பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். விலங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாகாமல் இருக்கத்தான் இந்தத் தடை. என்னைக் கேட்டால் மிக நியாயமானது. பகலில் யானைக் கூட்டம் குட்டியை நடுவில் விட்டுச் சாலையைக் கடந்தது. முன்னால் நின்ற காரிலிருந்து சிலர் படமெடுக்க இறங்கிவிட்டார்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

நீலகிரிக்கு இ-பாஸ் கேட்கிறார்கள், வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள்.