ரோட் பைக்: கியர் உறை எங்க எடுக்கலாம்?

வணக்கம். என்ர ரோட் பைக்கில ஷிமானோ கிளாரிஸ் கியர் செற், பின்னுக்கு 8 பல்லுச்சில்லு. பண்ணைப் பாலத்தால ஊர்காவற்றுறைப் பக்கம் ஓடுறனான், உப்புக்காத்து விடாது. மாரி முடிஞ்சதில இருந்து பெரிய சில்லுக்குச் செயின் உடன ஏறுது, சின்னனுக்கு மட்டும் பிந்தித்தான் விழுது.

செயினை மண்ணெண்ணெயில கழுவிக் காயவிட்டு ஒயில் விட்டாச்சு. பின் கியரைத் தாங்கிற ஹேங்கரும் நேராத்தான் இருக்கு. கியரை இழுக்கிற உள் கேபிள் புதுசு. பழசை உருவேக்க கேபிள் ஓடுற வெளி உறையின்ர முனையால செம்மண் மாதிரி துரு கொட்டினது, அதுக்குள்ளதான் கேபிள் இறுகுது எண்டு நினைக்கிறன்.

டவுனில கேட்ட இடமெல்லாம் 5 மி.மீ. பிரேக் உறைதான் தருகினம். அது சுருள் கம்பி, அமுங்கும், கியருக்குச் சரிவராது.

கியருக்கான 4 மி.மீ. வெளி உறை யாழ்ப்பாணத்தில எந்தக் கடையில எடுக்கலாம்?