ஸ்ட்ராங்கில்ஸ் வந்து தேறிய குதிரையை எப்போது மற்றவற்றோடு விடலாம்?

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் லாயத்தில் ஒரு பெண் குதிரைக்கு ஸ்ட்ராங்கில்ஸ் (குதிரைகளுக்கு வரும் தொற்றுநோய்) வந்து இப்போது தேறிவிட்டது. தாடைக்கு அடியில் இருந்த கட்டி உடைந்து சீழ் வடிந்த பிறகு காய்ச்சல் நின்றது, தீவனமும் நன்றாக எடுக்கிறது. பார்த்தால் நோய் வந்த மாதிரியே தெரியாது. சிக்கலே அதுதான். தொண்டைக்கு மேலே உள்ள காற்றுப் பைகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வை கிருமி தங்கிவிட்டால், வெளியே அறிகுறி எதுவும் இல்லாமலே மாதக்கணக்கில், சில குதிரைகளில் வருடக்கணக்கில்கூட மற்றவற்றுக்குப் பரவும்.

கிருமி இன்னும் தங்கியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க மருத்துவர் இரண்டு வழி சொன்னார். வாரம் ஒரு முறை வீதம் மூன்று முறை மூக்கைக் கழுவி, அந்த நீரைப் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும்) பரிசோதனைக்கு அனுப்புவது ஒன்று. எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) விட்டு அந்தப் பைகளையே பார்த்து மாதிரி எடுப்பது இன்னொன்று. எனக்கென்னவோ இரண்டாவதுதான் நம்பிக்கையாகப் படுகிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: குதிரை ரொம்ப முரண்டு பிடித்ததா? முதல் பரிசோதனையிலேயே தெளிவான முடிவு வந்ததா?

மற்ற குதிரைகளுக்குக் காலை, மாலை இரு வேளையும் காய்ச்சல் பார்க்கிறோம். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடனே தனியாகக் கட்டிவிடுகிறோம். காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாள் கழித்துத்தான் கிருமி வெளியேற ஆரம்பிக்கும் என்பதால் இதற்குப் பலன் இருக்கிறது. வாளி, கடிவாளம், தூரிகை எல்லாம் தனித்தனி.

அப்புறம், மரத்தடுப்புகளை எப்படிச் சுத்தம் செய்தீர்கள்? அழுக்கு இருந்தால் கிருமிநாசினி வேலை செய்யாது, மர இடுக்கிலோ அழுக்கு போகவே மாட்டேன் என்கிறது. “மருத்துவரைக் கேளுங்கள்” என்று மட்டும் எழுதாதீர்கள், கேட்டாச்சு. அனுபவம்தான் வேண்டும்.